தன்னையே விசாரித்த நிருபர்: சுசானா கஹாலனின் காணாமல் போன மாதம்

2009 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் போஸ்ட் நாளிதழில் அதன் நிருபர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. கொலை, கைது, ஊழல், பிரபலங்களின் விவாகரத்து என்று சத்தமாகவே பேசிப் பழகிய பத்திரிகை அது. அன்று எழுதியவர் சுசானா கஹாலன், வயது 24. அதே ஆண்டு வசந்தத்தில் தனக்குப் புத்தி பேதலித்துப் போன ஒரு மாதத்தைப் பற்றி எழுதியிருந்தார். வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் கேட்டார், சில நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்த்தும் பேசத் தயங்கிய விஷயத்தை ஊரே படிக்கும்படி வைத்தார்.

பத்திரிகையாளர்கள் தங்கள் நோயைப் பற்றி எழுதுவது புதிதில்லை. லண்டனில் ஜான் டயமண்ட் தன் தொண்டைப் புற்றுநோயை டைம்ஸ் நாளிதழின் பத்தியில் வாசகர்களோடு பகிர்ந்துகொண்டார். கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் 2010-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபின், 2011 டிசம்பரில் இறக்கும்வரை வேனிட்டி ஃபேர் இதழில் அதைப் பற்றி எழுதினார். இருவரும் அசாத்தியமான எழுத்துக்காரர்கள். ஆனால் இருவருக்கும் உடல்தான் கைவிட்டது. பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளவும், நினைத்ததை வாக்கியமாக்கவும் மூளை கூடவே இருந்தது. கஹாலனுக்கு அந்த மூளையே நோய்ப்பட்டது. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய பலவீனம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். தன் நோயை எழுத நினைக்கிற எந்தப் பத்திரிகையாளரும் இதிலிருந்து ஒரு வேலைமுறையைக் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

நடந்தது என்ன

பள்ளி நாட்களிலேயே போஸ்டில் பயிற்சிக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே நிருபரானவர் கஹாலன். 2009-ன் தொடக்கத்தில் மன்ஹாட்டனில் ஒரு சிறிய அப்பார்ட்மெண்டில் தனியாக இருந்தார். இடது கையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மூட்டைப்பூச்சிக் கடி என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டைச் சோதித்த பூச்சி ஒழிப்பு ஆள் ஒன்றுமே இல்லை என்று சொல்லியும் மனம் கேட்கவில்லை. அப்புறம் உடலின் இடது பக்கம் மரத்துப்போக ஆரம்பித்தது. வழக்கமாகச் சந்தேகப்படாதவர், காதலரின் மின்னஞ்சல்களைத் திறந்து தேடினார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மூளையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் தென்படவில்லை.

அலுவலகத்தில் காரணமில்லாமல் அழுதார். அழுகை நின்ற உடனே அடக்க முடியாத மகிழ்ச்சி வந்தது. டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகைகளின் நிறங்கள் கண்ணைக் குத்தின. சாதாரணமாக முடித்துவிடக்கூடிய செய்திகளைக்கூட எழுத முடியவில்லை. பிறகு ஒரு இரவு வலிப்பு வந்தது.

அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒருவர், அதிக வேலை, குறைந்த தூக்கம், மது என்று காரணம் சொன்னார். மனநல மருத்துவர் ஒருவர் இருமுனைக் கோளாறின் பக்கம் கைகாட்டினார். பாதிக்கப்பட்டவர் 24 வயதுப் பெண், தனியாக வாழ்கிறவர், அழுகிறார், சிரிக்கிறார். இந்த விவரங்களை வைத்து எந்த ஊரிலும் இப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். அதுதான் இந்த நோயின் ஆபத்து.

மார்ச் 23 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவமனையில், வலிப்பு நோயாளிகளைக் கண்காணிக்கும் தளத்தில் சேர்த்தார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, கேமரா முன்னால் இரவு பகலாகப் படுக்க வைக்கும் இடம் அது. தொலைக்காட்சியில் வருகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். அப்பா அப்பாவாக இல்லை, வேறு யாரோ அவர் உருவத்தில் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். தப்பியோட முயன்றார். தப்பிவிடக்கூடியவர் என்று குறிக்கும் பட்டையைக் கையில் மாட்டினார்கள். போகப் போக வெறி அடங்கி, அதைவிடப் பயங்கரமான ஒன்று வந்தது. பேச்சு குழறியது, நடை தளர்ந்தது, கை நீட்டியபடி உறைந்து கிடந்தார். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடுதலாக இருந்தன. மறுபடி எடுத்தபோது இன்னும் ஏறியிருந்தன. எங்கோ அழற்சி இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

அந்தக் கட்டத்தில் வந்தவர் சூஹெல் நஜ்ஜார், சிரியாவில் பிறந்த நரம்பியல் மருத்துவர். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். கஹாலன் வட்டம் போட்டு 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடது பாதி வெற்றாக இருந்தது. மூளையின் வலது பாதி வேலை செய்யவில்லை, அங்கே அழற்சி என்பது ஒரு பேனாவும் தாளும் கொண்டு தெரிந்துபோனது. அவர் மூளை தீப்பற்றி எரிகிறது என்று பெற்றோரிடம் நஜ்ஜார் சொன்னார். பின்னால் வந்த புத்தகத்துக்கு அதுவே பெயராயிற்று: பிரெயின் ஆன் ஃபயர், 2012.

மூளைத் திசுவில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி உறுதியானது. மாதிரிகள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் டால்மாவுக்குப் போயின. என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான தன்தடுப்பு மூளையழற்சி, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்கும் நோய், என்று பதில் வந்தது. டால்மாவின் குழு 2007-ல் 12 பெண்களின் நோய்க்குறிப்புகளோடு உலகுக்கு அறிமுகப்படுத்திய நோய் அது. இது கண்டறியப்பட்டவர்களின் வரிசையில் கஹாலன் 217-வது ஆள். ஸ்டீராய்டு, ரத்த நாளம் வழியாக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்து, ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றுவது என்று மூன்றும் செய்தார்கள். பல மாதங்களில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்.

பதிவாகாத நினைவு

எழுத்தின் சிக்கல் புரிய வேண்டுமானால் நோயின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நரம்பணுக்களின் மேல் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்குகின்றன. கற்பதும் நினைவாகப் பதிவதும் பெரிதும் இவற்றை நம்பித்தான். இந்த நோயில் உடலின் எதிர்ப்புரதங்கள் இந்த ஏற்பிகளோடு ஒட்டிக்கொள்ள, நரம்பணு அவற்றைத் தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஏற்பிகள் குறையக் குறைய மனம் சிதறுகிறது. இதே ஏற்பிகளைத்தான் கெட்டமின் மருந்தும் அடைக்கிறது. அது அளவு மீறினால் வரும் மாயத்தோற்றங்களுக்கும் இந்த நோயாளிகளின் அனுபவத்துக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் இல்லை.

ஆக, மருத்துவமனையில் கழிந்த அந்த மாதம் கஹாலனுக்கு மறந்துபோன மாதம்கூட இல்லை. பெரும்பகுதி பதிவாகவே இல்லை. எத்தனை ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து யோசித்தாலும் திரும்பி வராது. மிஞ்சியிருந்த சில துண்டுகளில் பளிச்சென்று தெரிந்தவை மாயத்தோற்றங்கள். தெளிவாக நினைவிருப்பது நடக்காதது, நடந்தது நினைவில் இல்லை.

நான் நம்பகமான சாட்சி இல்லை என்ற ஒப்புதலைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். அதை வைத்துவிட்டு உணர்ச்சியை அள்ளிக் கொட்டும் நினைவுக்குறிப்புக்குப் போகவில்லை. போஸ்டில் கற்ற வேலையைச் செய்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட மருத்துவப் பதிவுகளை வாங்கினார். மருத்துவர்கள், செவிலியர்கள், நண்பர்கள், குடும்பத்தார் என்று ஒவ்வொருவரையும் பேட்டி எடுத்தார். கண்காணிப்புக் கேமராவின் காட்சிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு குற்றச் செய்தியைத் துருவுகிற முறையில் தன்னைத் துருவினார்.

பலவீனத்தை எழுதுவது என்றால் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்வது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். அதற்கும் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற அதிகாரம் அப்போதும் எழுதுகிறவர் கையிலேயே இருக்கிறது. கஹாலன் விட்டுக்கொடுத்தது அந்த அதிகாரத்தை. தன் கதையில் தன்னைவிட ஒரு செவிலியரின் இரவுக் குறிப்புக்கு அதிக மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையமே இதுதான்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வீடியோ, ஒரு மருத்துவக் குறிப்பு

அவர் கையாண்ட ஆதாரங்களில் மூன்றைத் தனியாகப் பார்க்கலாம்.

கஹாலனின் பெற்றோர் விவாகரத்தானவர்கள். முறை வைத்து மகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இருந்த நேரத்தில் நடந்தது மற்றவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக ஒரு நோட்டுப் புத்தகத்தை அறையிலேயே வைத்தார்கள். மருத்துவர் என்ன சொன்னார், சாப்பிட்டாளா, பேசினாளா என்று இருவரும் மாறி மாறி எழுதினார்கள். இது தவிர அப்பா தனக்காக ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். யாரும் படிப்பதற்காக எழுதியதில்லை அது. மகள் புத்தகம் எழுதத் தொடங்கியபோது அதை அவரிடம் கொடுத்தார்.

இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. நோய்ப்பட்டவரின் பலவீனத்தைப் பேசுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பலவீனமும் இந்தக் கதையில் அச்சேறுகிறது. முன்னேற்றத்தைச் சொல்ல அந்த அப்பா கணக்குப் பாடத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். கோட்டின் சாய்வு எப்படி இருக்கிறது என்று மகளைக் கேட்பார், மேல்நோக்கி என்று அவள் சொல்ல வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்று மறுபடி கேட்பார், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னேறுகிறோம் என்று பதில் வரவேண்டும். குழறிய நாக்கோடு இருந்த மகளிடம் தினமும் இதைச் சொல்ல வைத்தவரின் உள்ளே என்ன இருந்தது என்பது அந்த நாட்குறிப்பு இல்லாமல் மகளுக்கே தெரிந்திருக்காது. நோயாளி எழுதும் நோய்க்கதைகளில் பராமரித்தவர்கள் பெரும்பாலும் பின்னணியில் ஒதுங்கிவிடுவார்கள். இங்கே அவர்கள் ஆதாரத்தோடு வருகிறார்கள், ஏனென்றால் அவர்கள் இல்லாமல் கதையே இல்லை.

வீடியோ வேறு விதமான சோதனை. கட்டிலில் பயந்து ஒடுங்கிய, மெலிந்த ஒரு பெண்ணைத் திரையில் பார்த்தார். முகம் தன்னுடையது, அந்த நேரத்தின் பயம் எதுவும் தன்னிடம் இல்லை. நாம் நோயிலிருந்து மீண்டபின் எழுதும்போது, பழைய வலியை இன்றைய வார்த்தைகளால் கொஞ்சம் மெருகேற்றிவிடுகிறோம். அவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அழகாக்க நினைத்தாலும் கேமரா மறுத்துவிடும். அதனால் அந்தப் பகுதிகளில் நடை வறண்டு, வெளியிலிருந்து பார்க்கும் குரலில் இருக்கிறது. அந்த வறட்சியைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

மூன்றாவது, முதலில் பார்த்த நரம்பியல் மருத்துவரின் குறிப்பு. இரவில் இரண்டு கிளாஸ் ஒயின் என்று கஹாலன் சொன்னது, பதிவில் இரண்டு பாட்டில் என்று ஏறியிருந்தது. ஒரு சொல் மாறியதில் மூளைநோயாளி குடிநோயாளியாகிவிட்டார். இந்த இடத்தில் ஒரு நிருபரின் கை பரபரத்திருக்கும். பழிவாங்க இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. புத்தகத்தில் அந்த மருத்துவருக்கு வேறு பெயர் கொடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடங்கள் மட்டுமே ஒதுக்கக் கட்டாயப்படுத்தும் மருத்துவ முறை எப்படிப்பட்ட தவறுகளை உற்பத்தி செய்கிறது என்று கேள்வியைத் திருப்பினார். தனி ஒருவரைக் கூண்டில் ஏற்றியிருந்தால் வாசகர் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பார். முறையைக் காட்டியதால், தன் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று வாசகர் யோசிக்கிறார்.

வெளியே சொன்னதன் விலை

மூளை சம்பந்தப்பட்ட நோயை ஒரு பத்திரிகையாளர் வெளியே சொல்வதில் தொழில் ஆபத்து இருக்கிறது. நினைவாற்றலும் கவனமும்தான் நிருபரின் மூலதனம். இவர் குறிப்பெடுத்தது சரியா, மேற்கோள் சரியா என்று இனி ஒவ்வொரு முறையும் யாராவது சந்தேகப்படலாம். கஹாலன் குணமாகிவிட்டு எழுதினார் என்பதைவிட, குணமாகிக்கொண்டிருக்கும்போது எழுதினார் என்பதே சரி. மருந்தால் உடல் ஊதியிருந்தது, பேச்சு வேகம் குறைந்திருந்தது, தெரிந்தவர்களைப் பார்க்கவே கூசியது என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதினார். நோயின் உச்சத்தைவிட, பாதி திரும்பி வந்த நிலையில் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்ட பக்கங்கள்தான் என்னை அதிகம் உலுக்கின. அவற்றுக்கு வீடியோ தேவைப்படவில்லை. அவை அவருக்கே நினைவிருந்தன.

கட்டுரை வெளியானதும் கடிதங்களும் அழைப்புகளும் வந்தன. வீட்டில் இதே அறிகுறிகளோடு இருந்தவர்களின் குடும்பத்தார் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மருத்துவர்களிடம் போனார்கள். இந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் பெரிது. டால்மாவின் குழுவும் பிறரும் சேர்ந்து 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் பத்தில் எட்டுப் பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். அந்த 577 பேரில் பெரும்பாலோர் பெண்கள், ஏறக்குறைய பாதிப் பேர் 21 வயதைத் தாண்டாதவர்கள். சிகிச்சையை முன்கூட்டித் தொடங்கியவர்கள் மேலும் நன்றாகத் தேறினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு இப்படி ஒரு பயன் கிடைப்பது அபூர்வம். அந்தப் பயன் கிடைத்ததற்குக் காரணம், கட்டுரையில் சரிபார்த்த அறிகுறிகளும் பரிசோதனைகளின் பெயரும் இருந்தன. கண்ணீர் மட்டும் இருந்திருந்தால் மருத்துவர் மேசையில் வைத்துக் காட்ட எதுவும் இருந்திருக்காது.

சரி, இதில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. தன் சிகிச்சைக்குச் சுமார் 10 லட்சம் டாலர் ஆனது என்று கஹாலன் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்கு வேலை இருந்தது, மருத்துவக் காப்பீடு இருந்தது, மனநலக் காப்பகத்துக்கு அனுப்பக்கூடாது என்று சண்டை போடப் பெற்றோர் இருந்தார்கள், கடிகாரம் வரையச் சொன்ன ஒரு மருத்துவர் வந்தார். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் வேறு கதை. அந்தக் காலத்தில் இத்தகைய நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேர் கண்டறியப்படாமலே போயிருப்பார்கள் என்பது நஜ்ஜாரின் மதிப்பீடு. அப்படிப் போனவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. நோய்க்கதைகள் எல்லாமே பிழைத்தவர்களின் தரப்பு என்பதை வாசிக்கும்போது மறக்கக்கூடாது. கஹாலன் மறக்கவில்லை.

தன் கதைக்குப் பிறகு

ஒரு மனநல மருத்துவமனையில் தன் அனுபவத்தைப் பற்றிப் பேசப் போனார். பேச்சைக் கேட்ட மருத்துவர்களுக்குத் தங்கள் நோயாளி ஒருவர் மீது சந்தேகம் வந்தது. மனச்சிதைவு என்று இரண்டு ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கப்பட்ட இளம்பெண் அவர். சோதித்தபோது கஹாலனுக்கு வந்த அதே வகை நோய் என்று தெரிந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் என்பது நீண்ட காலம். இழந்த சிந்தனைத் திறன் அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது. ஒருவருக்குச் சில வாரங்களில் பெயர் கிடைத்தது, மற்றவருக்குத் தவறான பெயர் முதலில் கிடைத்தது.

மூளை நோய் என்றால் ஓடி வருகிற கைகள், மனநோய் என்றால் ஏன் தயங்குகின்றன என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. அது அவரை உளவியலாளர் டேவிட் ரோசன்ஹானிடம் கொண்டுபோனது. நல்ல மனநிலையில் இருந்த எட்டுப் பேர், காதில் குரல் கேட்கிறது என்று மட்டும் பொய் சொல்லி மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், அவர்கள் நலமானவர்கள் என்பதை மருத்துவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று 1973-ல் சயின்ஸ் இதழில் எழுதியவர் அவர். மனநல மருத்துவத்தையே ஆட்டிப் பார்த்த கட்டுரை. தவறான பெயர் சூட்டலின் விளிம்பிலிருந்து தப்பியவர் கஹாலன். அவருக்கு அந்தக் கட்டுரை எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தன் வாழ்க்கையே அதற்குச் சான்று என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

தன் மேல் பிரயோகித்த அதே முறையை அதன் மேலும் பிரயோகித்தார். ரோசன்ஹான் தானே நோயாளியாக நடித்துச் சேர்ந்தபோது எழுதப்பட்ட மருத்துவப் பதிவைத் தேடிப் பிடித்தார். கட்டுரையில் சொன்னதைவிட மிகக் கடுமையான அறிகுறிகளை, தற்கொலை எண்ணம் உட்பட, அவர் மருத்துவரிடம் சொல்லியிருந்தார். மருத்துவமனையில் நல்ல அனுபவம் பெற்ற ஒரு பங்கேற்பாளரைக் கணக்கிலிருந்தே நீக்கியிருந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் யார் என்று ஆண்டுக்கணக்கில் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் 2019-ல் தி கிரேட் பிரிடெண்டர் என்ற புத்தகமாக வெளியிட்டார். தனக்குச் சாதகமான சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்த நூல் அது.

முதல் புத்தகத்தின் முன்குறிப்பில் தன்னை நம்பகமற்ற சாட்சி என்று எழுதாதவர் இரண்டாவதை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம். 2013-ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்த நோய் இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 12 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சாத்தியம் தெரிந்தே கஹாலன் தொடர்ந்து எழுதிவருகிறார். மனதை மாற்றும் பொருட்களின் வரலாற்றோடு பின்னிய, எல்.எஸ்.டி. பிரச்சாரகர் டிமத்தி லியரியின் மனைவியாக இருந்த ரோஸ்மேரி வுட்ரஃப் லியரியின் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய மூன்றாவது புத்தகம் 2025-ல் வந்தது.